ஒளித்துகளுக்குத் தலையெழுத்து உண்டா?

சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் கிளி ஜோசியம் பார்க்க உட்காருகிறவர் பெயரைச் சொல்கிறார். கூண்டுக் கதவு திறக்கிறது. கிளி நடந்து வந்து, அடுக்கிய சீட்டுகளில் ஒன்றை அலகால் இழுத்துப் போடுகிறது. வேறு சீட்டை அது எடுத்திருக்கலாமே என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதே தீவின் மேற்கே, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2019இல் சுமார் 3 மில்லிமீட்டர் அளவிலான ஒளிச் சிப்பை அறிவித்தது. ரகசியச் செய்திகளுக்கான சாவியை ஒளியின் குவாண்டம் இயல்பைக் கொண்டு பகிர்ந்துகொள்வது அதன் வேலை. மேசை நிறையக் கிடந்த கருவிகள் சிலிக்கானில் செதுக்கிய கோடுகளாகச் சுருங்கிவிட்டன.

இத்தகைய சிப்புகளில் ஒளி ஓடும் தடம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். இரண்டு தடங்களை ஓரிடத்தில் மிக நெருக்கமாக ஓடவிட்டால் ஒன்றிலுள்ள ஒளி மற்றதற்குக் கசியும். நெருங்கி ஓடும் நீளத்தைச் சரியாக அமைத்தால் பாதி இங்கே, பாதி அங்கே. ஒரே ஒரு ஒளித்துகளை, அதாவது ஃபோட்டானை, அனுப்பினால்? அது இரண்டாக உடைவதில்லை. இரு முனைகளிலும் வைத்த உணர்கருவிகளில் ஏதாவது ஒன்றில்தான் பதிவாகும். எதில் என்று முன்கூட்டிச் சொல்ல குவாண்டம் கோட்பாட்டில் இடமே இல்லை.

நமக்குத் தெரியவில்லையா, இல்லை இன்னும் முடிவாகவே இல்லையா?

மனித வாழ்வைப் பற்றி இதே கேள்வி வெகுகாலமாக உண்டு. எல்லாம் நியதிப்படியே நடக்கும், முயற்சி வீண் என்றார்கள் ஆசீவகர்கள் என்ற பழங்காலத் துறவிகள். வள்ளுவரோ 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொன்ன கையோடு நின்றுவிடவில்லை. 62ஆம் அதிகாரம் முழுவதையும் ஆள்வினைக்கு, அதாவது முயற்சிக்கு, கொடுத்தார்.

இந்தப் பழைய வழக்கில் ஒரு பகுதியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் இயற்பியலாளர் ஜான் பெல். பின்னிப்பிணைந்த இரு துகள்கள் தங்கள் விடைகளை முன்பே எழுதி எடுத்துவந்தால், ஒளியைவிட வேகமாக எந்தத் தாக்கமும் பாயாவிட்டால், அவற்றின் ஒற்றுமைக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1964இல் காட்டினார். சோதனைகள் அந்த வரம்பை மீறின. அந்தச் சோதனைகளுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய, மூன்று கிலோகூட இல்லாத ஸ்பூக்கி-1 செயற்கைக்கோளும் விண்வெளியில் இதே மீறலைப் பதிவு செய்தது.

அப்படியானால் விதி தோற்றதா? அவசரப்பட வேண்டாம். எதை அளப்பது என்ற தேர்வு சுதந்திரமானது என்பது பெல்லின் வாதத்துக்கு அடித்தளம். அந்தத் தேர்வும் விதிப்படியே நடந்தது என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னால், எந்தச் சோதனையாலும் அவரை முற்றாக வெல்ல முடியாது. 2016 நவம்பர் 30 அன்று உலகெங்கும் சுமார் ஒரு லட்சம் பேர் மனம்போன போக்கில் 0, 1 என்று தட்டி, பெல் சோதனைகளுக்கு அந்தத் தேர்வை வழங்கினார்கள். அதுகூட இந்த ஐயத்தை மூடவில்லை. குவாண்டம் தொழில்நுட்ப மையத்தின் முதல் இயக்குநர் ஆர்ட்டர் எகெர்ட், ரெனாட்டோ ரென்னருடன் 2014இல் எழுதிய கட்டுரையும் இங்கேதான் வந்து நிற்கிறது: கொஞ்சமாவது சுதந்திரத் தேர்வு இருந்தால்தான் ரகசியம் என்பதே சாத்தியம்.

ஃபோட்டானின் தற்செயல் மனிதனின் முயற்சி ஆகிவிடாது. காரணமின்றித் திரும்புவது வேறு, யோசித்துத் திரும்புவது வேறு. எனவே, அறிவியல் விதியை நிரூபித்துவிட்டது என்று மேடையில் ஒருவர் முழங்கினாலும், விதியைப் பொய்யாக்கிவிட்டது என்று இன்னொருவர் முழங்கினாலும், இரண்டையும் நம்பாதீர்கள்.