பழைய நட்புக்கு நாம் பட்ட கடன்

ஆண்டின் இறுதி இரவு நள்ளிரவைத் தொடும் வேளையில், ஸ்காட்லாந்து மக்கள் வட்டமாக நின்று, கைகோத்து, ஒரு பாடலைப் பாடுவது வழக்கம். 1958 ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாக இருக்கவில்லை. ஆதலின் 'ஹாக்மனே' எனப்படும் ஆண்டிறுதி இரவே அவர்களுக்குப் பெருவிழாவாயிற்று. அன்று பாடப்படும் அப்பாடலின் பெயர் 'ஆல்டு லாங் சைன்'. 'நெடுநாளைக்கு முன்' என்பது அச்சொற்றொடரின் பொருள். பழகிய நாட்களின் உரிமையையெல்லாம் அது உள்ளடக்கி நிற்பதால், வள்ளுவர் நட்பியலில் ஓர் அதிகாரத்திற்குச் சூட்டிய 'பழைமை' என்னும் பெயரே அதற்கு மிக நெருங்கிய தமிழ் என்பேன்.

அப்பாடலை இன்றைய வடிவில் நமக்குத் தந்தவர் ராபர்ட் பர்ன்ஸ். 1759 இல் அல்லோவே என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்து, ஏர் பிடித்து, பின்னர் கலால் வரி அலுவலராகப் பணியாற்றி, முப்பத்தேழே வயதில் மறைந்த கவிஞர் அவர். ஒரு முதியவர் பாடக் கேட்டுத் தாம் எழுதிக்கொண்டதாக அவரே அடக்கத்துடன் கூறினார். எனினும் அவர் கை பட்டே அது உயிர் பெற்றது என்பது அறிஞர் கருத்து.

பழைய நண்பரை மறக்கலாமா என்னும் வினாவோடு பாடல் தொடங்குகிறது. இளமையில் மலைச்சரிவில் மலர் பறித்தும், ஓடையில் நாளெல்லாம் அளைந்தும் திரிந்த இருவரைப் பின்னாளில் கடல்கள் பிரித்துவிடுகின்றன. மீண்டும் சந்திக்கையில் ஒருவர் கை நீட்டுகிறார். மற்றவர் கையைக் கேட்கிறார். அங்கே வரும் மதுக்கோப்பை நமக்கு ஆகாதது. அதனை விடுத்து, நீட்டப்பட்ட கையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஓடையில் விளையாடிய சிறுவனை நினைப்பது எளிது, இனிமையும் கூட. ஆனால் அவன் இன்று நாம் வெறுக்கும் கருத்துடைய மனிதனாக எதிரே நின்றால் என் செய்வது?

பர்ன்ஸின் வாழ்க்கையே இவ்வினாவுக்கு உரைகல்லாக அமைந்தது. அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு மூத்தவரான டன்லப் அம்மையார் 1786 முதல் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். தம்முடன் பள்ளியிற் பயின்ற பழைய நட்பினர் ஒருவரைச் சந்தித்ததை அவர் ஒருமுறை எழுதியிருந்தார். அதற்கு மறுமொழியாக 1788 டிசம்பரில் எழுதிய கடிதத்திலேதான் பர்ன்ஸ் இப்பாடலை அனுப்பி வைத்தார்.

1793 இல் பிரெஞ்சு அரசனும் அரசியும் கொல்லப்பட்டனர். 1795 ஜனவரியில் பர்ன்ஸ் தம் கடிதத்தில் அவ்விருவரையும் மிகக் கடுமையாகப் பழித்தார். அம்மையாரின் புதல்வர்களோ படைத்துறையினர். மருமக்களுள் இருவர் பிரான்சிலிருந்து தப்பி வந்த அரச பற்றாளர்கள். மனம் புண்பட்ட அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டார். 1796 ஜூலை 10 அன்று, சாவை எதிர்நோக்கியிருந்த கவிஞர் அவருக்கு ஒரு விடைபெறு கடிதம் எழுதினார். பதினொரு நாளில் அவர் உயிர் பிரிந்தது. அம்மையாரின் விளக்கமும் நட்புறுதியும் கடைசியில் அவரை எட்டியதாக, 1800 இல் அவர் எழுத்துகளைத் தொகுத்த டாக்டர் கர்ரி குறித்துள்ளார். அவ்வாறே ஆயினும், இடையிற் கழிந்த ஒன்றரை ஆண்டை யாரால் மீட்டுத்தர இயலும்?

அம்மையார் புண்பட்டது தவறன்று. தாயுள்ளம் புண்படத்தான் செய்யும். பர்ன்ஸும் யாருக்கு எழுதுகிறோம் என்று எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அரபு மொழியில் நண்பனைக் குறிக்கும் 'ஸதீக்' என்னும் சொல்லும், வாய்மையைக் குறிக்கும் 'ஸித்க்' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. 'உன் சொல் என்னைச் சுட்டது' என்று எழுதியிருந்தால், அது வாய்மை. அது நட்பின் உரிமையுமாகும். மௌனமோ நண்பனைத் தன் குற்றத்தை அறியவும் விடாது, திருந்தவும் விடாது. கருத்தை மறுக்கலாம், கையை மறுக்கலாகாது. பழைமை நம்மிடம் கேட்பது உடன்பாட்டை அன்று, ஒரு சொல்லை.

இதனை எழுதும் எனக்கும் இது பிறருக்குச் சொல்லும் பாடமன்று. ஓதிய காலத்தில் ஒரே பாயில் உறங்கி, ஒரே தட்டில் உண்ட தோழர் ஒருவர் எனக்கு உண்டு. ஒரு விவாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, பல ஆண்டுகளாக நான் அவருக்கு எழுதவில்லை. அவர் சொன்னது பிழையென்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அது என்னைப் புண்படுத்தியதென்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இவ்வளவு காலம் அவர் என்னவென்று எண்ணியிருப்பார்?

புத்தாண்டு பிறக்கும்போது புதிய திட்டங்கள் பல தீட்டுகிறோம். பழைய கணக்கில் நிலுவையாய் நிற்கும் ஒரு பெயரையும் அன்று எடுத்துப் பார்ப்போம். இக்கட்டுரையை முடித்ததும் நான் எழுதவிருப்பது அத்தோழருக்கான கடிதமே.