துண்டுச் சீட்டும் நன்றிக் கடனும்

வேலையை விட்டுப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், போகாதே என்று தடுக்க முதலாளிக்கு என்ன உரிமை? தோழர்கள் பலர் இதைத் தொழிற்சங்கக் கேள்வி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது அறம் பற்றிய கேள்வியாகவும் சாதி பற்றிய கேள்வியாகவும் படுகிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. புதுத் தோட்டத்துக்காரன் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். துண்டு இல்லாதவரை எவனும் சேர்க்கமாட்டான். கங்காணியிடம் வழிச்செலவுக்கு வாங்கிய காசில் தொடங்குகிற கடன் அது. கட்டக் கட்டத் தீராது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். அந்தத் தோட்டங்களுக்குப் போனவர்களில் நம்ம சனம் ரொம்பப் பேர். இங்கேயும் அதே கதைதான். 1843இல் அடிமைமுறை செல்லாது என்று சட்டம் போட்ட வெள்ளைக்கார ஆட்சி, 1859இல் இன்னொன்று போட்டது. முன்பணம் வாங்கிய வேலையாள் பாதியில் போனால் மாஜிஸ்திரேட் அவரைத் திரும்ப வேலைக்கே அனுப்பலாம். மறுத்தால் மூன்று மாதம்வரை கடுங்காவல். 1925இல்தான் அதை நீக்கினார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இத்தனைக்கும் நடுவில் ஒன்று மாறவே இல்லை: போக முடியாதபடி ஆளைக் கட்டிவைக்கக் கடன்தான் கயிறு.

இப்போது படித்துவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போகிற நம்மை எதைக் கொண்டு கட்டுகிறார்கள்?

நான் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருடம் தமிழாசிரியையாக இருந்தேன். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். விலகல் கடிதத்தோடு போனபோது தாளாளர் சொன்னார்: "ஒன்ன நாங்க வேத்தாளாவா பாத்தோம்? எங்க வீட்டுப் பொண்ணாட்டம் ஒக்கார வச்சுச் சோறு போட்டமே. ஒங்க ஆளுங்களுக்கு இந்த ஊர்ல எவன் வேலை குடுத்தான்?" அதற்கு முந்தின வருடம், அவர் சாதியைச் சேர்ந்த கணக்கு வாத்தியார் வேறு பள்ளிக்குப் போனார். அவருக்குச் சால்வை போட்டார்கள், கேசரியும் காப்பியும் கொடுத்தார்கள். "நல்ல எடம், போய் முன்னுக்கு வாங்க" என்றார் இதே தாளாளர். அவர் போனால் முன்னேற்றம், நான் போனால் துரோகம். சம்பளம் ரெண்டு பேருக்கும் உழைத்ததற்குத்தான் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அது எப்படிச் சோறு போட்ட கணக்கில் போய்ச் சேர்ந்தது? செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை வருடாவருடம் நடத்தியவள் நான். நன்றியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கூலியைக் கொடை என்று பெயர் மாற்றி, அதற்கு வட்டி கேட்பதைத்தான் சொல்கிறேன்.

உண்மையிலேயே கொடை வாங்கியவர் என்ன செய்வது? இது கஷ்டமான கேள்வி. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் அமெரிக்கா போனபோது, திரும்பிவந்து பத்து வருடம் சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்துத்தான் போனார். 1917இல் வேலையில் சேர்ந்தார். பியூன்கள் தூரத்திலிருந்து ஃபைலை வீசினார்கள். பேரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். ஊரில் வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. பம்பாய் திரும்பிவிட்டார். எழுத்துப்படி பார்த்தால் அவர் வாக்குத் தவறியவர். ஆனால் பத்து வருட உழைப்பைக் கேட்கிறவன், அந்த ஆள் ராத்திரி படுக்க ஒரு இடத்துக்காவது பொறுப்பில்லையா? மன்னர் நல்லவர்தான். அவருடைய நல்ல மனசு ஒரு ஃபைலைக்கூட மேசைமேல் வைக்கவைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது சிலர் கேட்கிறார்கள், அப்ப நடு வருசத்துல புள்ளைங்கள விட்டுட்டுப் போறது சரியா என்று. சரியில்லை. முன்கூட்டிச் சொல்ல வேண்டும், கையிலிருக்கிற வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கடமை பிள்ளைகளுக்குச் செய்வது. அதைக் காட்டித் தாளாளர் என்மேல் உரிமை கொண்டாட முடியாது. அறிவிப்பது வேறு, அனுமதி கேட்பது வேறு. நம்முடைய அலுவலகத் தமிழ் இந்த இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது. 'என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' விடுவிப்பது சிறையிலிருப்பவரை அல்லவா? புதிதாகச் சேரும் இடத்திலும் பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். துரையின் துண்டுக்கும் இதற்கும் தாள்தான் வேறு.

நான் 'விலகுகிறேன்' என்று எழுதியிருந்தேன். "அந்த வார்த்தைய மட்டும் மாத்திக் குடும்மா, ஐயா கையெழுத்துப் போட்டுருவாரு" என்று எழுத்தர் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மாற்றவில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்தாம் வகுப்புக்குப் பாக்கியிருந்த பாடங்களை நடத்தி முடித்து, பிள்ளைகள் பரீட்சை எழுதிய பிறகு போவதை நிறுத்தினேன். சான்றிதழ்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வரவில்லை.