சுவை துறத்தலும் மாற்றுச் சர்க்கரையும்



மகாவீரப் பெருமான் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாள் அணுகுகின்றது. வைகறையில் ஜினாலயம் சென்று தீபமேற்றி வழிபட்டு, இல்லத்தில் இனிப்பு செய்து உற்றார்க்கு வழங்குவது நம் மரபு. இவ்வேளையில் இனிப்பைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம். நோன்புக்குத் துணை என்னும் பெயரோடு வந்த பண்டம் ஒன்று நோன்பையும் உடலையும் ஒருங்கே வருத்தியதைக் கண்கூடாகக் கண்டோம்.

சென்ற தசலட்சணப் பருவத்தை நீலகிரி மாவட்டத்து மசினகுடியில் எம் மகள் இல்லத்தில் கழித்தோம். உதகையிலிருந்து கல்லட்டி வழியே 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால், முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் அது. எம் நாத்தனாரும் உடன் வந்திருந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர், நீரிழிவு உடையவர். கதிரவன் மறைந்தபின் உணவும் நீரும் கொள்வதில்லை, மருந்து மட்டும் விலக்கு என்று பல்லாண்டுகளுக்கு முன்பே விரதம் ஏற்றவர். அப்பத்து நாளும் சர்க்கரையைத் துறப்பதாகவும் சங்கற்பம் செய்துகொண்டார்.

மலைத்தேனுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. ஆயினும் கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் நம் மூலகுணங்களுள் அடங்கும். எனவே பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இதில் சர்க்கரையும் இல்லை, தேனும் இல்லை, சங்கற்பத்திற்குப் பங்கமில்லை" என்று கூறி, சர்க்கரையற்ற இனிப்புப் பெட்டி ஒன்றை அளித்தார். புலனடக்கத்திற்குரிய ஆறாம் நாள் அது. கதிரவன் மறையுமுன் எம் நாத்தனார் ஐந்து துண்டுகள் உண்டார். யாமும் இரண்டு உண்டோம்.

இரவில் அவருக்கு வயிறு இரைந்தது; உப்பியது; பின்னர் அடுத்தடுத்துப் பேதியாயிற்று. நாவும் உதடும் வறண்டன. நீர் கொடுத்தால் கைகூப்பி மறுத்தார். வெளியே யானை நடமாடும் காட்டுச்சாலை. விரதத்தை முறிக்கச் சொல்ல எமக்கு உரிமையில்லை. ஓர் உயிர் சோர்ந்து வீழ்வதைப் பார்த்திருக்கவும் மனம் ஒப்பவில்லை.

"அண்ணி, மருந்து விலக்கு என்றுதானே விரதம் ஏற்றீர்கள்? காய்ச்சிய நீரில் உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த இக்கரைசல் பேதிக்கு மருந்து" என்றோம்.

"அதில் சர்க்கரை உண்டே!" என்றார்.

"குடல் உப்பையும் நீரையும் ஈர்த்துக்கொள்ளச் சர்க்கரை துணைபுரிகின்றது. இங்கு அது நாவுக்காக இல்லை" என்றோம். பஞ்ச நமஸ்காரம் சொல்லிச் சிறிது சிறிதாகப் பருகினார். விடியலில் பேதி நின்றது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். திரும்பும் வழியில் அவர் கூறியது இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது: "இரவு பருகிய கரைசலுக்காக நான் வருந்தவில்லை. மாலையில் ஐந்து துண்டு உண்டேனே, அப்பொழுதே என் நோன்பு போய்விட்டது."

பெட்டியின் உறையைக் கண்ணாடி அணிந்து படித்தோம். மால்டிட்டால் என்னும் பொருள் குறிக்கப்பட்டிருந்தது. சார்பிட்டால், மேனிட்டால், சைலிட்டால் ஆகியனவும் அவ்வினத்தவையே, பாலியால் என்பர். வேதியியலில் இவற்றைச் சர்க்கரை ஆல்கஹால் என்றும் அழைப்பர். பெயர் கேட்டு அஞ்சற்க. இவற்றில் போதை இல்லை. சாக்கரின், ஸ்டீவியா போன்றவை கடுகளவே போதும் என்னுமளவு இனிப்பு மிக்கவை. ஆனால் பர்பிக்கும் லட்டுக்கும் உருவம் தரச் சர்க்கரையின் பருமனும் வேண்டுமன்றோ? அதற்காகவே மால்டிட்டாலைக் கைநிறையச் சேர்க்கின்றனர்.

சிறுகுடல் இதனை முழுமையாக ஈர்த்துக்கொள்வதில்லை. எஞ்சியது குடலுக்குள் நீரை இழுக்கின்றது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்ய வாயு பெருகுகின்றது. உப்புசமும் பேதியும் இதன் விளைவே. குன்னூர்ப் பக்கத்துப் பேரிக்காயையும் பிளம்ஸ் பழத்தையும் மிகுதியாக உண்டு வயிறு இளகியவர்கள் இதனை அறிவர். அப்பழங்களில் இயற்கையாகவே சார்பிட்டால் உண்டு. நாளொன்றுக்கு 50 கிராம் சார்பிட்டால், 20 கிராம் மேனிட்டால் என்னும் அளவை எட்டக்கூடிய பண்டங்களில், மிகுதியாக உண்டால் வயிறு இளகும் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. நம் நாட்டு உணவு விதிகளும் பாலியால் மிகுந்த பண்டங்களுக்கு இத்தகைய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியுள்ளன. எம்மிடமிருந்த பெட்டியிலும் அவ்வரி இருந்தது, எறும்பெழுத்தில். பிள்ளைகளுக்கு நாற்பதாண்டுகள் வாசிக்கக் கற்பித்த யாம் அதனை வாசியாமல் உண்டோம்.

மால்டிட்டால் குருதிச் சர்க்கரையைச் சர்க்கரையினும் குறைவாகவே உயர்த்தும், ஆயினும் உயர்த்தும். நெய்யும் கோவாவும் மாவும் பெட்டிக்குள் இருந்தபடியே இருக்கின்றன. நீரிழிவுடையோர்க்குக் குருதிச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும் நேரத்தில் இவ்வினிப்பு கைகொடாது. அப்போது உண்மைச் சர்க்கரையே வேண்டும். மேலும், மீதமானதைத் தெருநாய்க்கு இடப் போனான் எம் பேரன், தடுத்தோம். சைலிட்டால் சிறிதளவே உண்டாலும் நாய்க்கு நஞ்சு. அறியாது செய்யும் ஈகையும் உயிர்க்கொலையில் முடியலாம்.

பெருமக்களே! புறத்தவம் ஆறனுள் ஒன்று ரசபரித்தியாகம் என்னும் சுவை துறத்தல். பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றுள் இயன்றதை விடுவது அது. பொருளை விடுவது வழி. நாவின் வேட்கையைத் தணிப்பதே பயன். சர்க்கரையை விட்டுச் சர்க்கரை போன்றதைத் தேடினால், வேட்கை முன்னிருந்தபடியே கொழுத்திருக்கும். "சர்க்கரை இல்லை" என்னும் சொல் தரும் துணிவில், ஒன்று உண்பவர் ஐந்து உண்பார். எம் நாத்தனார்க்கு நேர்ந்தது இதுவே. நோயுற்றோர் மருத்துவர் சொற்படி மாற்றுச் சர்க்கரை கொள்வதை யாம் குறைகூறவில்லை. அதனை நோன்பு என்று எண்ணி ஏமாற வேண்டா என்பதே எம் வேண்டுகோள்.

குறைவுண்ணலும் தவமே. முன் உண்டது செரித்ததறிந்து அளவோடு உண்ணுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரமும் அறிவுறுத்துகின்றது. இத்தீபாவளிக்கு வழக்கமான இனிப்பையே சிறிதளவு செய்வோம். நோன்பில்லாதோர் ஆளுக்கொன்று உண்போம். நீரிழிவுடைய பெரியோர் முன் இனிப்புத் தட்டை நீட்டி வற்புறுத்தாது, சுண்டலோ கொய்யாத் துண்டோ அன்போடு வைப்போம். அங்காடிப் பெட்டி வந்தால் உறையைப் படித்துப் பிரிப்போம். உண்பதாயின் அரைத்துண்டோடு நிறுத்துவோம். சர்க்கரை துறந்தோர் அப்பத்து நாளும் இனிப்பையே மறந்திருப்போம்.

எம் நாத்தனார் அடுத்த பருவத்திற்கும் மசினகுடி வருவதாகக் கூறியுள்ளார். "இம்முறை சர்க்கரையை விடப்போவதில்லை, இனிப்பை விடப்போகிறேன்" என்றார். அவர் நோன்பு இனிது நிறைவேறுக!

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!