பொட்டு வைத்த புல்லட்

இன்ஜின் ஓடித் தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். நின்றே கெடும் என்பது பட்டறைக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினை அணைக்கும்போது பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்டால், அந்த வழியாக மழைக்காலத்து ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகும். சுவரில் படிந்திருந்த எண்ணெய் மெல்ல மெல்ல வடிந்துபோகும். பிறகு சிலிண்டரும் ரிங்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு ஏறி இரண்டும் ஒன்றாகிவிடும். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பாதி ஆவியாகி, மிச்சம் பிசினாகி ஜெட்டை அடைக்கும். பேட்டரித் தகட்டில் சல்பேட் கட்டும். டயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகும், பக்கவாட்டில் வெடிப்பு விடும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதில் எதுவும் ஓட்டியவர் செய்த கேடு இல்லை.

என் மாமாவின் 1984 மாடல் புல்லட், திருவாரூர் வீட்டு வராந்தாவில் இப்படித்தான் நின்றது. மாமா கூட்டுறவு வங்கியில் கள அலுவலராக இருந்தவர். குடவாசல், கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி என்று வாய்க்கால் கரையெல்லாம் அந்த வண்டியில் சுற்றிப் பயிர்க்கடன் கொடுத்தவர், வசூலும் செய்தவர். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு கிக்கரை மிதிக்க முடியவில்லை. வண்டி நின்றது. விற்க யாருக்கும் மனம் வரவில்லை. மேலே ஒரு பழைய போர்வை, அதற்கும் மேலே ஒரு தார்ப்பாய். அத்தை வெள்ளிக்கிழமை தோறும் தார்ப்பாயை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி மூடுவார். ஆயுத பூஜை வந்தால் ஹெட்லைட்டுக்குச் சந்தனம், குங்குமப் பொட்டு, ஹேண்டில்பாருக்கு மாலை, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்தால்தானே பழம் நசுங்கும்? அது வைத்த இடத்திலேயே சுருங்கிக் கறுத்துக் காய்ந்து கிடக்கும், தீபாவளிக்கு வாசல் கழுவும் வரை.

அத்தையின் பாசத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அது பொய்யான பாசமாக இருந்தால் எழுதவே வேண்டியதில்லை. உண்மையான பாசம்தான், ஆனால் போர்வைக்கு மேலேயே நின்றுவிட்டது. உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் வீடுகளில் எத்தனை பொருள்கள் இப்படி இருக்கின்றன என்று யோசித்தால் மனம் கனக்கிறது. மடிப்பிலேயே இற்றுப்போன கல்யாணப் பட்டு, தந்தி தளர்ந்து மூலையில் சாய்ந்திருக்கும் வீணை, காரைக்குடிப் பக்கம் வருடத்தில் ஒருநாள் படைப்புக்காக மட்டும் திறக்கப்படும் வீடுகள். எதையும் நாம் வெறுத்து ஒதுக்கவில்லை. கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் தொடாமல் வைக்கிறோம்.

திருவாரூர்க்காரர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலின் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நிலையிலேயே நின்றது. மீண்டும் ஓடியது 1970-ல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது. அந்த வருடத்துத் தேரோட்டத்தைச் சிறுவனாக இருந்து பார்த்ததை மாமா இன்றைக்கும் சொல்வார். இப்போது அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். செய்து தந்தது திருச்சி பெல் நிறுவனம். மரச்சக்கரம் போய்விட்டதே என்று வடம் பிடிக்கிறவர்கள் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அது தேர், நாலு வீதியும் சுற்றி வர வேண்டும். அதற்கு எது வேண்டுமோ அதைச் செய்தார்கள்.

புல்லட்டை எழுப்பலாம் என்று நான் சொன்னபோது மாமா உடனே சரி சொல்லவில்லை. ரெண்டு மூன்று தடவை பேச்சை மாற்றினார். பிறகு ஒருநாள் காலையில் அவரே கூத்தாநல்லூரில் தனக்குப் பழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "பாய், வண்டியை வந்து ஒரு தடவை பாருங்க" என்றார்.

பாய் வந்ததும் செய்த முதல் காரியம், கிக்கர் பக்கம் போன என்னைத் தடுத்ததுதான். நெடுநாள் நின்ற புல்லட்டை நேராக மிதிக்கக் கூடாது. அதன் ஆயில் டேங்க் இன்ஜின் கூட்டுக்குள்ளேயே தனி அறையாக இருக்கிறது. வண்டி நிற்க நிற்க, அங்கிருந்து ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறையில் போய்த் தேங்கிவிடும். அடியிலிருந்த டிரெயின் நட்டைக் கழற்றியதும் கீழே வைத்த தகர டப்பா நிரம்பும் அளவுக்குக் கரிய குழம்பு வந்தது. அடுத்து பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். "ஊறட்டும் சார், அவசரமில்ல" என்று போய்விட்டார். சில நாள் கழித்து வந்து, டாப் கியரில் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக அசைத்தார். விரல் அளவு நகர்ந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடி காத்திருந்தார். பலத்தைக் காட்டியிருந்தால் ரிங் உடைந்திருக்கும், கனெக்டிங் ராடுகூட வளைந்திருக்கும். நின்று இறுகிப்போன எதையும் மறுபடி அசைக்க இந்த நிதானம்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது. மனிதர்களிடமும் இப்படி அணுகத் தெரிந்தவர்கள் ஒருசிலர்தான்.

சிலிண்டரைத் தூக்கியபோது உள்சுவரில் ரிங் நின்ற உயரத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு இருந்தது. நகத்தால் தடவினால் தட்டியது. போரிங் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. பெட்ரோல் டேங்குக்குள் பழைய நட்டுகளும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். பிளாட்டினம் பாயிண்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். மெல்லிய எமரித் தாளை நடுவில் விட்டு நாலு இழுப்பு இழுத்ததும் நீலப்பொறி வந்தது.

சாமான் எதற்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். 1955-ல் ரெட்டிச் நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1957-ல் புல்லட் செய்யும் கருவிகளும் அச்சுகளும் ரெட்டிச்சிலிருந்து இங்கே வந்து சேர்ந்தன. பத்து வருடத்தில், 1967-ல், ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. இங்கேயோ அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கணக்கில் வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. பிறந்த ஊரில் பழம்பொருளாகிவிட்ட ஒன்று இங்கே போலீஸ்காரருக்கும் பால்காரருக்கும் அன்றாட வண்டியாக இருந்தது. ஓடிக்கொண்டே இருந்ததால்தான் சென்னை ஜி.பி. ரோட்டில் இன்றைக்கும் அதன் வாஷர் வரைக்கும் கிடைக்கிறது.

பெயிண்டில்தான் கருத்து வேறுபாடு வந்தது. சென்னை நண்பர்கள் வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, பெயிண்டைத் தொடாதே என்றார்கள். தொடை உரசி நிறம் போன இடம், மட்கார்டில் விழுந்த ஒடுக்கு, தகரம் தெரியும் டூல்பாக்ஸ் மூடி எல்லாம்தான் அந்த வண்டியின் கதை, அதை அழிக்கலாமா என்றார்கள். இந்த ரசனை இப்போது பரவலாக இருக்கிறது, அதற்கு ஒரு நியாயமும் உண்டு. மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் கோபமாகவே பதில் சொன்னார்.

"மாப்ள, நான் இதை டெலிவரி எடுத்தப்ப டேங்க்ல முகம் பாத்துத் தலை சீவலாம். இந்த ஒடுக்கெல்லாம் அப்புறம் பட்ட அடி. எனக்கு இது கதை இல்லப்பா, என் வண்டி. மழையில நனையுமே, பெயிண்ட் இல்லாம எப்படி?"

அவர் சொன்னதில்தான் எனக்கு விஷயம் தெளிவானது. தழும்பை ரசிப்பவர் வெளியிலிருந்து பார்ப்பவர். ஓட்டியவருக்கு அது சரிசெய்ய நேரமில்லாமல் விட்டுப்போன வேலை. போர்வை போட்டு மூடுவதும், கீறலைக் கும்பிட்டு வைப்பதும் ஒரே மாதிரிதான். இரண்டும் வண்டியை நினைவுப்பொருளாக்கி மூலையில் நிறுத்துகின்றன. நினைவு மனிதரிடம் இருக்கட்டும், தகரத்துக்குத் தேவை பெயிண்ட்.

கருப்புத்தான் அடித்தோம். திருவொற்றியூரில் டேங்கின் தங்கக் கோட்டைக் கையால்தான் போட்டார்கள். இங்கே அதற்கு லாரி பாடிக்கும் கடை போர்டுக்கும் எழுதிக்கொண்டிருந்த ஓவியர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பிளக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை ஏறக்குறைய நின்றேவிட்டது. நீள மயிர் வைத்த பிரஷ்ஷை எடுத்தவர் டேங்கைத் தொடவில்லை. ஒரு பழைய தகரத்தைக் கேட்டு வாங்கி அதில் இழுத்துப் பார்த்தார். கோடு நடுங்கியது. துடைத்தார், மறுபடி இழுத்தார். வெகுநேரம் அப்படியே. சுண்டுவிரலைத் தகரத்தில் ஊன்றி, மற்ற விரல்கள் அசையாமல் முழங்கையிலிருந்து இழுக்கும் பழைய ஓட்டம் வந்த பிறகுதான் டேங்கை மடியில் வைத்துக்கொண்டார். கைக்கும் துரு ஏறும் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். அது உதிரும் என்பதையும் பார்த்தேன்.

முதலில் மிதித்தது மாமாவின் பேத்தி. மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். "கீ போட்டியா? ஆம்பியர் முள்ளைப் பாரு. கிக்கரை மெதுவா இறக்கு. முள் நடுவுக்கு வந்துச்சா? நிறுத்து. இப்ப டிகம்ப்ரசரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் இறக்கு. விட்டுடு. கிக்கர் மேல வரட்டும். இப்ப முழுசா மிதி. பாதியில காலைத் தளத்துனா திருப்பி அடிச்சிரும்." பாயிண்ட் திறக்கும் கணத்தில் முள் நடுவுக்கு வரும், பிஸ்டன் உச்சிக்கு அருகே வந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருடமாக இந்த வித்தை யாரும் கேட்காமல் அவருக்குள்ளேயே கிடந்தது. அவர் குரலில் இருந்த உறுதியை வீட்டில் நாங்கள் கேட்டு வெகுகாலம் ஆகிறது. வண்டியைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

எல்லாப் பழைய வண்டியையும் எழுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓட்ட ஆளில்லாத வீட்டில் அதை ஓட்டக்கூடியவருக்கு விற்றுவிடுவது நல்லது, பாசத்துக்கும் அதுதான் மரியாதை. இன்றைக்குப் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பதம் பார்க்கும். எழுப்பிய வண்டியை மறுபடி நிறுத்தினால் முன்பைவிடச் சீக்கிரம் கெடும் என்று பாய் போகும்போது எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

ஆர்.சி. முதல் பதினைந்து வருடத்துக்குத்தான். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த வேலையை முடித்து, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுப் பேத்தி பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார் மாமா. அவளுக்கு வலது கால் கியர் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கிறாள், பின்னால் உட்கார்ந்து பென்ஷன் வாங்கப் போகும் மாமா முதுகில் தட்டுகிறார். போன மாதம் கமலாலயக் குளத்துக் கரையில் கிளட்ச் கேபிள் அறுந்து இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அறுந்த நுனியைப் பாயிடம் நீட்டி, "பாருங்க பாய், துரு இல்ல, தேஞ்சு அறுந்துருக்கு" என்று மாமா சொன்னபோது அவருக்கு அதில் சந்தோஷம். இரண்டு கேபிளாக வாங்கி, ஒன்றை டூல்பாக்ஸில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.