“குடத்த எடுங்க, பாஸ்டரே!”



முழு இரவு ஜெபத்தில் நாம் அக்கினி வேண்டும், அக்கினி வேண்டும் என்று கேட்கிறோம். இந்த மாதம் வேறொரு தீயைக் குறித்து எழுத ஏவப்படுகிறேன்.

பல வருடங்களுக்கு முன், விளவங்கோடு பக்கம் ஒரு மலையோரக் கிராமத்தில் உபவாசக் கூட்டம். நான்தான் பிரசங்கி. நல்ல சவுண்டு செட், நாலு ஹாரன். அந்நேரம் அடுத்த விளையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் தீப்பிடித்து, பக்கத்து ஓலைச் சாய்ப்புக்குத் தாவிவிட்டது. அந்த வீட்டம்மா போட்ட கூப்பாடு எங்கள் காதில் விழவில்லை. விழாதபடி செய்தது என் மைக்! கடைசியில் ஒரு அக்கச்சி, நம்ம சபையார் அல்ல, பந்தலுக்குள் ஓடிவந்து, “பாஸ்டரே, ஜெபம் பொறவு செய்யலாம், குடத்த எடுங்க!” என்றார்.

நாங்கள் போகும்போதே ஊரார் கிணற்றிலிருந்து வரிசையாய் நின்று குடம் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பனையேறி ஒருவர் கூரைமேல் நின்று, எரியாத ஓலையைத் துறட்டியால் இழுத்துத் தள்ளினார். நல்ல ஓலையை ஏன் பாழாக்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நீதிமொழிகள் 26:20-ஐ வைத்துக் கோள் சொல்லுகிறவர்களுக்கு விரோதமாய் எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறேன்! அதன் நேர் அர்த்தத்தை அவர் செய்து காட்டினார்: தீ தின்ன ஒன்றும் மிச்சம் வைக்காதே. வீடு தப்பியது. மகள் கலியாணத்துக்கென்று சேர்த்த ஷீட்டெல்லாம் சாம்பல். கொஞ்சம் முந்தி எழுந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று இன்றும் என் மனச்சாட்சி சொல்லுகிறது.

தீயணைப்பு வண்டியைக் குறை சொல்லாதிருங்கள். 101-க்குப் போன் செய்தால் வருவார்கள். ஆனால் தக்கலையிலிருந்தோ குழித்துறையிலிருந்தோ புறப்பட்டு, நம்ம இடுக்கு வழிகளில் அவ்வளவு பெரிய வண்டி எப்படி நுழையும்? அதுவரைக்கும் உள்ள நிமிஷங்கள் ஊர்க்காரர் கையில்தான்.

1736 டிசம்பர் 7-ல் பிலடெல்பியாவில் (வெளிப்படுத்தலில் வருகிற சபை அல்ல, அமெரிக்கப் பட்டணம்!) பெஞ்சமின் பிராங்க்ளின் தொண்டர் தீயணைப்புச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், சாமான்களை அள்ளிக் காப்பாற்றப் பைகளும் வீட்டில் ஆயத்தமாய் வைத்திருக்க வேண்டும். பாஸ்டனில் முன்பிருந்த சங்கங்கள் உறுப்பினர் வீட்டையே காத்தன. இவர்களோ யார் வீடானாலும் ஓடினார்கள். சகோதரனே, நம்ம சபை பாஸ்டனா, பிலடெல்பியாவா?

அவ்வளவு தூரம் போவானேன்? 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். கூக்குரல் கேட்டு முதலில் மேலேறினவர்கள் ஊர்க்காரரும் தோட்டத் தொழிலாளரும்தான். சம்பளமில்லை, யூனிபாரமில்லை. வெந்த சரீரங்களைப் போர்வையில் கட்டிச் சுமந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் பலர் அந்தத் தோள்களில் இறங்கி வந்தவர்கள். நல்ல சமாரியனும் அடிபட்டவனுடைய ஜாதியைக் கேட்கவில்லையே (லூக். 10).

தாய்மாரே, சிலது மனதில் வையுங்கள். எண்ணெய்ச் சட்டி எரிந்தால் தண்ணீர் ஊற்றாதிருங்கள்; அடுப்பை அணைத்து மூடி போட்டு அமர்த்துங்கள். கரண்டுத் தீக்கும் தண்ணீர் ஆகாது, மெயினை அணையுங்கள். சேலையில் தீ பிடித்தால் ஓடாதே, தரையில் உருளு! வெந்த இடத்தில் பேஸ்ட், இங்க் பூசாதிருங்கள். பச்சைத் தண்ணீரை 20 நிமிஷம் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் பூசி ஜெபிக்கலாமே என்பீர்கள். நெற்றியில் பூசுங்கள், புண்ணில் வேண்டாம்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர்கள் கலைந்து போகவேண்டாம். சபைக் கிணற்றண்டை 20 வாளி, ஏணி, வடம், துறட்டி வைக்கப்போகிறோம். பழைய சாக்கு இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். அக்கம்பக்கத்தாரையும், எந்தக் கோவிலுக்குப் போகிறவர்களானாலும், கூப்பிடுங்கள். அந்த மணிநேரம் மைக் போடமாட்டோம்.