அச்சமின்மை எத்தன்மைத்து?

அப்பரடிகள் நீற்றறைக்கும் நஞ்சிற்கும் யானைக்கும் அஞ்சாதிருந்தமை சைவவுலகம் நன்கறிந்தது. அவ்வஞ்சாமை திருவருளின் விளைவென்பது நம்மனோர் துணிபு. இக்காலத்து மூளைநூலாரோ அச்சத்தை மூளையின்கண் ஓருறுப்பின் தொழிலெனக் கூறி, அவ்வுறுப்புப் பழுதுற்றார் அஞ்சுதலிலர் என்றுங் காட்டுகின்றனர். ஆயின், இவ்விரண்டு அஞ்சாமையும் ஒன்றோ வேறோ? இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. தீரா அச்சத்தாற் பிணிப்புண்டு திருமடங்களை நாடி வருவார்க்கு நாம் யாது கூறுதல் தகும் என்பதும் இதனைப் பற்றியே நிற்கின்றது.

மூளையின் இருபாலும் உள்ளே வாதுமைப் பருப்பின் வடிவாய் அமைந்த சிற்றுறுப்பினை அமிக்டலா என்ப. கண்ணுஞ் செவியுங் கொணர்ந்த செய்தியிற் கேட்டின் குறி தோன்றின், அஃது இன்னதென அறிவு தெளியுமுன்னரே இவ்வுறுப்பு நெஞ்சைத் துடிக்கச் செய்து உடலை ஓடுதற்கு ஆயத்தமாக்கும். ஜோசப் லெடூ என்னும் அறிஞர் 1996-ல் வெளியிட்ட நூலில் இதனை விரித்தார். அமெரிக்க நாட்டில் எஸ். எம். என்னும் எழுத்துக்களாற் சுட்டப்பெறும் பெண்மணியொருவர்க்கு அரிய பரம்பரை நோயால் இவ்வுறுப்பு இருபாலும் அழிந்தது. பாம்புகளை வெறுப்பதாக வாயாற் கூறிய அவர், பாம்பு விற்கும் கடையுட் புக்கவுடன் அவற்றைத் தொட விழைந்தாராம். 2011-ல் வந்த ஆய்வுரை இதனைக் கூறுகின்றது. அவர் கத்திமுனையிலும் துப்பாக்கிமுனையிலும் அச்சுறுத்தப்பட்டதுண்டு; ஆண்டும் அஞ்சிற்றிலர்.

இவரை இருவினையொப்பு எய்திய ஞானியென்னலாமோ? ஆகாது. என்னை? ஓசையறியாச் செவிடன் வசைமொழிக்கு வெகுளாமை பொறுமையாகாதவாறுபோல, அஞ்சுங் கருவியிலார் அஞ்சாமையும் வீரமாகாது, ஞானமாதல் யாங்ஙனம்? அப்பரடிகட்குக் கருவி குறைவுபட்டதன்று. சூலையின் கொடுமையாற் துடித்தவர் அவர். நீற்றறையின் வெம்மை இன்னதென அறிந்தே அதனுட் புக்கார். கேடு கேடெனவே உணரப்பட்டும், அவ்வுணர்ச்சி அவரறிவை ஈர்த்துச் செல்லமாட்டாதாயிற்று. முன்னையது இன்மை, பின்னையது வென்றமை.

மூளைநூலாரும் தம் முதற்கூற்றிற் பின்னர்ச் சிறிது திருத்தஞ் செய்துகொண்டனர். 2013-ல் எஸ். எம். உள்ளிட்ட மூவரை, அவ்வுறுப்பு அழிந்தவரை, நூற்றுக்கு 35 பங்கு கரியமிலவாயு கலந்த காற்றை உயிர்க்கச் செய்தபோது மூவரும் பேரச்சத்தாற் கலங்கினர். புறத்தினின்று வரும் கேட்டிற்கு அஞ்சாதவர் அகத்தே மூச்சுமுட்டற்கு அஞ்சினர். ஆகவே ஓருறுப்பினையே அச்சத்தின் இருப்பிடமென்றல் அவர்க்கும் அமையாதாயிற்று. சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் அந்தக்கரணங்களை அமைச்சராகவும் ஆன்மாவை அரசனாகவும் உவமித்தது. கருவி பழுதுபடின் தொழில் பழுதுபடுமென்பது நமக்குப் புதிதன்று. எனினும், அமைச்சன் வீழ்ந்தமை காட்டி அரசனில்லையென்பாரும், அதுகொண்டே அரசனுண்மையை விஞ்ஞானம் நிறுவிவிட்டதென மேடையேறி மகிழும் நம்மவர் சிலரும் ஒருதன்மையரே. ஆன்மாவினுண்மை அளக்குங் கருவிகட்கு எட்டுவதன்று.

இனி மருத்துவத்தை நோக்குவாம். எம் பொங்கலூரைச் சூழ நூற்பாலைகளும் விசைத்தறிக்கூடங்களும் மிகுதி. பொறியிற் கையகப்பட்ட தோழியைக் கண்ட பெண்ணொருத்தி, பின்னர் அப்பொறியின் ஓசை கேட்டவளவே வியர்த்து மூச்சுத்திணறுகின்றாள் எனக் கொள்க. ‘அஞ்சற்க’ என்னும் நம் அறிவுரையை அவள் புத்தி ஏற்கும், உடல் ஏலாது. உளமருத்துவர் முதற்கண் தொலைவில் நிறுத்தி ஓசையைக் கேட்பித்து, பின் ஓடாத பொறியைத் தொடுவித்து, பையப்பைய ஓடும் பொறியின்முன் நிற்பிப்பர். தீங்கு வாராமை பலகாற் கண்டு, நெற்றிப்புறத்து மூளை அமிக்டலாவின் கிளர்ச்சியை அடக்கப் பயில்கின்றது. பழைய அச்சமோ அழிவதில்லை; அடங்கிக் கிடந்து, இடம் மாறினும் நாள் நீளினும் மீள எழுதலுமுண்டு. பெருங்காயம் நீங்கிய கலத்தில் அதன் மணம் நிற்றலை வாசனாமலத்திற்கு உவமையாக நம் ஆசிரியர் காட்டுவர். சீவன்முத்தர்க்கும் அடியாரிணக்கத்தையும் ஆலய வழிபாட்டையும் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது அவ்வாசனை மீளத் தாக்காமைப் பொருட்டன்றோ? ஆன்மாவைப் பற்றிய வாசனையும் உடற்கருவியைப் பற்றிய அச்சமும் ஒன்றென யாங் கூறேம். பயிற்சியின் இன்றியமையாமை இரண்டிடத்தும் ஒத்தல் கருதத்தக்கது.

‘எல்லாம் அவரவர் பழவினை, மருந்தென் செய்யும்?’ என்பார் உளர். இவ்வுரைக்கு விடை நம் கொங்குநாட்டிலேயே கிடைத்தது. கொடிமாடச் செங்குன்றூரில் உடன்வந்த அடியார்கள் நளிர்சுரத்தால் நலிந்தபோது, சம்பந்தப்பெருமான் ‘இது வினை’ என்று கூறி வாளாவிருந்தாரல்லர். உய்யுநெறி நாடாதிருத்தல் குறையென்று எடுத்துக்காட்டியே திருநீலகண்டப் பதிகம் அருளினார். வினை உண்மையே, வினைப்பயன் வருதற்கு உடல் வாயிலாதல்போல, அது தீர்தற்கு மருத்துவன் வாயிலாதலை மறுக்கும் நூல் யாது? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டுக் கிடந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். சமயம் எதுவாயினும், தெய்வத்தின் பெயரால் மருத்துவத்தை மறுத்தலின் கொடுமைக்கு அதனினும் சான்று வேண்டா.

அப்பரடிகளின் சூலை அமணர் மருத்துவத்திற்கு நீங்காது திலகவதியார் அளித்த திருநீற்றான் நீங்கியதன்றோ வெனின், அஃது ஆட்கொள்ளற்பொருட்டு இறைவன் தந்த நோய். வயிறு நொந்தாரெல்லாம் நாவரசராகார். ஆகலின், அச்சநோயுற்று வருவார்க்குத் திருநீறு அளிக்கும் தம்பிரான்மார், மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்கு வழியும் அன்றே கூறியனுப்புவாராக. இயலின் துணைக்கு ஓர் ஆளையும் உடன் விடுப்பாராக.