பட்டியலும் ஒப்பாரியும்

பட்டியல் போடுவதில் ஒரு சிறு அதிகாரம் இருக்கிறது. வருஷக் கடைசியில், அந்த வருஷம் கேட்டவற்றில் எனக்குப் பிடித்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி ஒரு நோட்டில் எழுதி வைப்பது முப்பது வருஷத்துக்கும் மேலான என் பழக்கம். பங்க், எமோ, ஹெவி மெட்டல் என்று பெரும்பாலும் கத்துகிறவர்களின் சங்கீதம். நோட்டை யாருக்கும் காட்டியதில்லை. ஆகவே இது விமர்சனம் அல்ல, அந்தரங்கமான ரசனை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். க.நா.சு. பட்டியல் போட்டபோது சண்டைக்கு வர ஆட்கள் இருந்தார்கள். பெயர்களை அடுக்கிவிட்டால் போதுமா, அலசிக் காட்ட வேண்டாமா என்று செல்லப்பா தரப்பிலிருந்து கேள்வி எழுந்தது. என் பட்டியலைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை என்பதே அதன் சௌகரியம்.

2023 டிசம்பரில் அந்த சௌகரியம் போயிற்று. கேள்வி கேட்டவள் எண்ணூரில் என் பக்கத்து வீட்டுப் பெண். மீன் விற்கிறவள்.

அன்று 26ஆம் தேதி. மூன்று வாரத்துக்கு முன்பு வந்த புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்ப் படலம் படகுகளில் கறையாக ஒட்டியிருந்த சமயம். நான் ஜன்னலைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏழாவது இடத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் இடையிலான தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பு, பெரியகுப்பத்துக் கரையோரம், ஒரு தொழிற்சாலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுபோகும் குழாய் கசிந்தது. ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுமுட்டலுமாக எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். என் கதவை அவள் தட்டியிருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அவள் பையன் ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்த பிறகுதான் திரும்பினேன். உடைந்த இடத்தின் வழியாக முதலில் நெடி வந்தது. பிறகு அவள் குரல்: "அண்ணே, உள்ள இன்னா பண்ற? காத்து எரியுது, வெளிய வா!"

என் காதுக்குள்ளும் அப்போது ஒருவன் கத்திக்கொண்டுதான் இருந்தான். அவன் குரலில் இருக்கும் நிஜத்தைப் பற்றி நோட்டில் இரண்டு வரி எழுதியிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவள் வந்து கேட்டாள்: "அப்படி இன்னாண்ணே கேட்டுனு இருந்த?" சொல்லி விளக்கத் தெரியாமல் ஹெட்போனை அவளிடமே கொடுத்தேன். முகம் சுளிக்கவில்லை. ஒரு நிமிஷம் பொறுமையாகக் கேட்டாள். கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "இவன் யாருக்கு அழுவுறான்?" என்றாள்.

ஜெயகாந்தன் ஒரு கதைக்கு வைத்த தலைப்பு கிட்டத்தட்ட இதுதான். அவள் அதைப் படித்து வந்து கேட்கவில்லை. அவள் கேள்வி வேறு இடத்திலிருந்து வருகிறது.

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் சாவு விழுந்த வீட்டு வாசலில் ராத்திரி முழுக்கக் கானா பாடுவார்கள். டோலக் இருக்கும். அது இல்லாத காலத்தில் மேஜைப் பலகையும் தகர டப்பாவும் தீப்பெட்டியும் தாளம் போட்டன. பாட வருகிறவன் முதலில் வீட்டாரிடம் விவரம் கேட்டுக்கொள்வான். செத்தவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், பெண்சாதி பெயர், பிள்ளைகள் பெயர், யார் இன்னும் வந்து சேரவில்லை. அத்தனையும் பாட்டுக்குள் வந்துவிடும். விலாசமில்லாத அழுகை அங்கே கிடையாது. அதற்காக ரசனை கிடையாது என்று நினைத்துவிடக்கூடாது. மூக்கைத் துடைத்துக்கொண்டே "நல்லாப் பாடுறாம்பா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மனுஷர்களைப் பார்த்திருக்கிறேன். பாடுகிறவனுக்குக் கூலி உண்டு, பேர் உண்டு, போட்டியும் உண்டு. துக்கமும் ரசனையும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. அவை ஒன்றையொன்று துரத்துகின்றன என்பது நம் போன்றவர்களின் கற்பனை என்று படுகிறது.

அப்படியானால் என் நோட்டில் என்ன கோளாறு? முதலில் அந்த சங்கீதம் எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

பர்மா பஜாரில் வாங்கிய கேஸட்டுகளில்தான் எனக்கு ஹெவி மெட்டல் அறிமுகம். பிளாக் ஸபாத்தின் முதல் இசைத்தட்டு 1970இல் வந்தது. அதே 1970இல்தான் எண்ணூர் அனல்மின் நிலையமும் ஓடத் தொடங்கியது. தொடர்பில்லாத இரண்டு சம்பவங்கள். ஆனால் எனக்கு அவை ஒரே சத்தமாகக் கேட்டன. இன்னொரு தொடர்பு தற்செயலானது அல்ல. ஸபாத்தின் ஊர் பர்மிங்காம். அதற்குத் தெற்கே பக்கத்து ஊரான ரெட்டிச்சில் இருந்த என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட்தான் 1955 முதல் திருவொற்றியூரில் தயாராயிற்று. அங்கே கம்பெனி மூடிய பிறகும் இங்கே ஓடியது. ஆக, அந்தச் சங்கீதத்துக்குப் பின்னால் இருந்த இரும்புச் சத்தத்தின் ஒரு துண்டு எனக்கு முன்பே என் தெருவுக்குக் குடிவந்திருந்தது.

ஸபாத்தின் கிதார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் தகடு வெட்டும் பட்டறையில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று, இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டார். அழுத்த வலித்ததால் மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு சுருதியையும் தளர்த்தினார். ஹெவி மெட்டலின் கனம் என்று உலகம் ரசிக்கிற அந்தத் தாழ்ந்த ஓசையில் ஒரு தொழிலாளியின் காயம் இருக்கிறது. விரல் போனவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. கிதார் இல்லாததால் அவர்களுக்குக் காயம் காயமாகவே இருந்துவிட்டது. இதை அறிந்துதான் கேட்டேனா? இல்லை. சத்தம் பிடித்தது, கேட்டேன். விவரம் பின்னால் வந்தது.

இங்கிலாந்து ராணியின் வெள்ளிவிழா ஆண்டான 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் ராணியையே பாடியபோது அந்தக் கோபத்துக்கு விலாசம் தெளிவாக இருந்தது. அதே கோபம் நாற்பது வருஷத்தில் பனியனில் அச்சடிக்கும் படமாயிற்று. எமோ விஷயம் வேறு. 1985இல் வாஷிங்டனில், ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற குழுக்கள் அழ ஆரம்பித்தபோது, மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்த பையன்களின் நடுவே நின்று அழுதார்கள். அவர்கள் அழுதது தங்களுக்காகத்தான். 'எமோ' என்ற பெயரை அவர்களே விரும்பவில்லை. தனக்காக அழுவது கீழான அழுகை என்று நான் சொல்ல மாட்டேன். மரண கானா பாடுகிறவனும் யாரோ ஒருவரின் தாயைப் பாடும்போது நடுவே தன் தாயிடம் போய்விட்டுத் திரும்புகிறான். அந்தத் திருப்பத்தில்தான் பாட்டு பாட்டாகிறது.

ஆகவே விலாசம் என்று நான் சொல்வதை அரசியல் கோஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரோ ஒருவர் முன்னால் நின்று பாடுவது என்பதுதான் பொருள்.

நம் பக்கத்தில் நடந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன். 2017இல் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடல் வந்தது. ஆல்பம் அல்ல, ஒரே பாட்டு. ஆனால் கழிமுகத்துச் சாம்பலில் நின்று அவர் பாடியபோது, வசவாகிவிட்ட ஒரு சொல் 'எல்லோருக்கும் பொதுவான நிலம்' என்ற பழைய அர்த்தத்தோடு திரும்பியது. எங்கள் சாம்பல் பலருடைய திரைகளில் அழகாகத் தெரிந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கசப்பும் இருந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. பா. ரஞ்சித்தும் டென்மாவும் உருவாக்கிய குழு; பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து வந்தது. சாவு வீட்டில் மட்டும் இடம் என்று இருந்த கானாவும் பறையும் சாம்பல் நிற சூட் போட்டுக்கொண்டு கிதாருக்குச் சமமாக நின்றன. அதில் பாடிய ஒரே பெண் இசைவாணி, இராயபுரத்துக்காரர். 2019இல் அறிவின் 'தெருக்குறள்'.

இவை எல்லாம் என் நோட்டில் உண்டு. எண்ணோடு உண்டு. இராயபுரத்துப் பெண் ஒருத்தி, ஆண்கள் மட்டுமே பாடிய கானாவுக்குள் நுழைந்து பாடியதை இரண்டாவது இடத்தில் வைத்திருக்கிறேன். முதலிடத்தில் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த 2 என்ற எண்ணைப் பார்க்கும்போது இன்று எனக்குக் கூசுகிறது. எண் போட்டவுடன் பாட்டு என் சொத்தாகிவிடுகிறது. அவளுடைய கோபம் என் ரசனைக்குச் சான்றாகிவிடுகிறது.

பொதுவெளியில் இது இன்னும் பச்சையாக நடக்கும். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை முன்னால் உட்காரவைத்து அறிவு எழுதிப் பாடிய பாட்டு. என் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டிருந்தால் உடனே பதில் கிடைத்திருக்கும். அந்த ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டின் புகழோடு தீயும் இன்னொரு கலைஞரும் வந்தார்கள். அறிவு இல்லை. ஆட்சேபம் எழுந்த பிறகு அவருக்கு வேறொரு அட்டை போட்டார்கள். யாரும் சதி செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கௌரவிக்கிற அவசரத்தில் விலாசம் உதிர்ந்துவிடுகிறது. என் நோட்டும் சின்ன அளவில் அந்த அட்டைதான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. நண்பர்கள் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்றால் சங்கீதம் கேட்கவே முடியாது. தவிர, பரிதாபத்தோடு கேட்பது ரசித்துக் கேட்பதைவிட மோசமான அவமதிப்பு. கானாவை 'விளிம்பின் குரல்' என்று கும்பிட்டுவிட்டு ஒரு பாட்டைக்கூட முழுக்கக் கேட்காதவர்களை எனக்குத் தெரியும். அவர்களைவிட, பிடித்ததால் நூறு தடவை கேட்டவன் மேல். இந்த வாதம் சரிதான். ரசனையை விட்டுவிட நான் தயாரில்லை. என்னை உறுத்துவது ஒன்றுதான். முப்பது வருஷமாக அடுத்தவர் கத்துவதைத் துல்லியமாகக் கேட்கப் பழகிய காது, கதவுக்கு வெளியே கத்தியதைக் கேட்கவில்லை. பழக்கம் காதைக் கூர்மையாக்கியதா, அல்லது எந்தக் கத்தலைக் கேட்பது என்று தேர்ந்துகொள்ளும் வசதியை மட்டும் கொடுத்ததா? இரண்டாவதுதான் என்று சந்தேகிக்கிறேன்.

2023க்குப் பட்டியல் முடியவில்லை. ஏழும் எட்டும் இன்னும் தீரவில்லை. 2024இல் மறுபடி எழுத உட்கார்ந்தபோது எண்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'யாருக்கு?' என்று ஒரு கட்டம் போட்டேன். சிலவற்றுக்கு உடனே எழுத முடிந்தது. சிலவற்றுக்குத் தேடிப் படித்த பிறகு. நாலைந்து கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவற்றில் ஒன்று, அன்று இரவு நான் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றும் எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அடிக்கவில்லை.

ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. கண்ணாடிக் காசைத் தர அவள் இரண்டு தடவை வந்தாள், நான் வாங்கவில்லை. இப்போதெல்லாம் ராத்திரியில் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்கிறேன். பாதிப் பாட்டு போய்விடுகிறது.